மொறுமொறுப்பு: ஒரு சொல்லின் அறிவியல்

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, உணவுத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். முகத்தில் வாட்டம். காரணத்தை வினவினேன். வகுப்புத் தேர்வு ஒன்றில், நல்ல உருளைக்கிழங்கு வறுவல் ‘கிரிஸ்ப்’ ஆக இருக்க வேண்டும் என்பதை விளக்குமாறு கேட்டிருந்தார்களாம். முந்தின இரவு அவர் வீட்டிலிருந்த பழைய அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் அந்தச் சொல்லுக்கு முதற்பொருளாக ‘சுருண்ட’ என்று இருந்தது. ஆகவே, வறுவல் நன்கு சுருண்டிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். விடைத்தாளைப் படித்தபோது வகுப்பே சிரித்தது.

“எனக்கு ஆங்கிலம் வராது ஐயா, இந்தப் படிப்பு எனக்கு ஒத்து வராது போலிருக்கிறது” என்றார்.

இந்த இளைஞர் பிறந்தது முதல் அப்பளமும் முறுக்கும் வடகமும் தின்று வளர்ந்தவர். முறுகல் தோசைக்கும் ஆறிப்போன தோசைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடியவர். பொருளை அறிந்தவர், சொல்லை அறியாதவர். அவ்வளவே. அன்று மாலை அவரிடம் நான் கூறியவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்று தயங்கி நிற்கும் மாணவர்கள் வேறு பலரும் இருக்கக் கூடும் அன்றோ?

சொல் வந்த வழி

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாணவர் பார்த்த அகராதி பொய் சொல்லவில்லை. ‘கிரிஸ்ப்’ என்னும் சொல் ‘கிரிஸ்புஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் ‘சுருண்ட’ என்பதே. பழைய ஆங்கிலத்தில் சுருட்டை முடியை இச்சொல்லால் குறித்தார்கள். ஏறத்தாழ 16-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் ‘எளிதில் ஓசையுடன் நொறுங்குகிற’ என்ற பொருள் அதற்கு வந்து சேர்ந்தது. மெல்லிய இலையோ தோலோ அனலில் காயும்போது சுருண்டுகொள்வதையும், அதே சமயத்தில் நொறுங்கும் தன்மை பெறுவதையும் நாம் காண்கிறோம். இரண்டும் உடன் நிகழ்வதால் ஒன்றன் பெயர் மற்றொன்றுக்கு ஏறியிருக்கலாம்.

இதே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ‘கிரேப்’ என்ற சொல்லும் பிறந்தது. சுருக்கம் சுருக்கமாக நெய்யப்படும் கிரேப் துணியும், சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் கட்டுத்துணியும், பிரெஞ்சுக்காரர்களின் மெல்லிய தோசை போன்ற பண்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

நம் மொழியில் இதற்கு ஓர் இணை உண்டு. முறுக்கு என்னும் பண்டத்தின் பெயர் அது திருகிச் சுற்றப்படுவதைக் காட்டுகிறது. ஆனால் நாம் அதை நினைவில் வைத்திருப்பது அதன் நொறுங்கும் தன்மைக்காக. சுருளும் திருகலும் நொறுங்கலும் இரு நாட்டு அடுப்பங்கரைகளிலும் அருகருகே நின்றிருக்கின்றன!

எங்கெல்லாம் வரும்?

ஆங்கில நூல்களில் இச்சொல் உணவுக்கு மட்டும் வருவதில்லை. மடிப்புக் கலையாத புதிய பணத்தாள் ‘கிரிஸ்ப்’. கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை ‘கிரிஸ்ப்’. ஈரமின்றிக் குளிர்ந்து தெளிந்த காலைக் காற்று ‘கிரிஸ்ப்’. வளவளவென்று நீளாமல் நறுக்கென்று சொல்லும் விடையும் ‘கிரிஸ்ப்’. கணிதத்திலும் இது உண்டு. 1965-ஆம் ஆண்டில் லொட்ஃபி ஸாடே என்பவர் ‘மங்கல் கணங்கள்’ பற்றிய கொள்கையை வெளியிட்டார். அதன் பின்னர், ஓர் உறுப்பு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஐயமின்றிச் சொல்லக் கூடிய வழக்கமான கணங்களைக் ‘கிரிஸ்ப்’ கணங்கள் என்று அழைக்கலாயினர்.

இவற்றுக்குப் பொதுவானது என்ன? தொய்வு இல்லை, குழைவு இல்லை, எல்லை தெளிவாக இருக்கிறது. இதைப் பிடித்துக் கொண்டால் அகராதியின் ஐந்தாறு பொருள்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மரபணுத் துறையில் அடிபடும் ‘கிரிஸ்பர்’ என்னும் பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அது நீண்டதொரு பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்தது.

உடன்பிறந்தார் நால்வர்

மாணவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் வேறு மூன்று சொற்களையும் இங்கே பிரித்துப் பார்ப்போம்.

‘ஹார்ட்’ என்றால் கடினமானது. அழுத்தினாலும் கீறினாலும் எளிதில் இடம் கொடாதது. ‘பிரிட்டில்’ என்றால் நொறுங்கும் இயல்புடையது. வளையாமல், நீளாமல், திடீரென்று முறிவது. ஒரு பொருள் கடினமாகவும் நொறுங்குவதாகவும் இருக்கலாம், கண்ணாடி அத்தகையது. எஃகுக் கம்பி கடினமானது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்குவதில்லை. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி நொறுங்குவது, ஆனால் கடினமானதன்று, நகத்தாலேயே கீறலாம்.

‘கிரிஸ்ப்’ ஆன உணவுகள் அனைத்தும் நொறுங்குபவை. ஆனால் நொறுங்குபவை அனைத்தும் ‘கிரிஸ்ப்’ ஆகா. சிறிய விசையிலேயே முறிய வேண்டும். ஒரே முறிவோடு நின்றுவிடாமல் அடுத்தடுத்துப் பல முறிவுகள் நிகழ வேண்டும். ஒவ்வொரு முறிவும் ஓசை எழுப்ப வேண்டும். அப்பளம் இதற்கு நல்ல சான்று. ‘கிரஞ்ச்சி’ என்பது இதன் அண்ணன். பச்சைக் கேரட், வறுத்த நிலக்கடலை ஆகியவை கடிக்கச் சற்று அதிக விசை கேட்கும். ஓசையும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். அப்பளம் மொறுமொறு, கேரட் கறுக்முறுக் என்று நம் வீட்டுக் குழந்தையே பிரித்துச் சொல்லிவிடும்.

நீர் இருந்தால் ஒரு மொறுமொறுப்பு

வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தால் நறுக்கென்று முறிகிறது. அப்பளமும் நொறுங்குகிறது. ஆனால் வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர். பொரித்த அப்பளத்திலோ நீர் மிகச் சிறிது. இருவேறு காரணங்கள் ஒரே உணர்ச்சியைத் தருகின்றன.

காய்கனிகள் எண்ணற்ற செல்களால் ஆனவை. ஒவ்வொரு செல்லையும் சுற்றிச் செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. சவ்வூடு பரவல் மூலம் நீர் உள்ளே புகுந்து செல்லை உப்பச் செய்கிறது. சுவர் அதைத் தாங்கி நிற்கிறது. காற்று நிரம்பிய சைக்கிள் குழாய் விறைத்து நிற்பது போன்றதே இது. பல தாவரச் செல்களில் இந்த விறைப்பு அழுத்தம் மோட்டார்க் கார் சக்கரத்தின் காற்றழுத்தத்தை விடவும் கூடுதலாக இருக்கும். நாம் கடிக்கும்போது விறைத்த செல்கள் பட்டென வெடித்துச் சாறு தெறிக்கிறது.

காய் வாடினால் நீர் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது, காய் துவண்டுபோகிறது. அதைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் இட்டால் மீண்டும் விறைக்கும். காய்கறிக் கடைக்காரர் கீரைக்கட்டின் மீது அடிக்கடி நீர் தெளிப்பதன் அறிவியல் இதுவே. வேகவைத்துவிட்டால் செல்லின் சவ்வுகள் சிதைந்து விடுகின்றன. அதன் பிறகு எவ்வளவு நீரில் இட்டாலும் பழைய விறைப்பு வராது.

செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பது பெக்டின் என்னும் பசை. பழம் கனியும்போது இது கரையத் தொடங்குவதால்தான் பழம் குழைகிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டின் இழைகளை இறுக்கிப் பிணைக்கும். ஆக்ராவில் வெண்பூசணியிலிருந்து பேட்டா என்னும் இனிப்பைச் செய்வோர் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது இதற்காகத்தான். அதனாலேயே பாகில் கொதித்த பின்னும் துண்டு குழையாமல் நிற்கிறது.

நீர் போனால் ஒரு மொறுமொறுப்பு

இனி அப்பளத்துக்கு வருவோம். காய்ந்த அப்பளத்திலும் சிறிது நீர் தங்கியிருக்கும். சூடான எண்ணெயில் இட்டதும் அந்நீர் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். இடம் தேடும் ஆவி மாவை உப்பச் செய்து, எண்ணற்ற சிறு அறைகளை உண்டாக்கிவிட்டு வெளியேறுகிறது. எண்ணெயில் எழும் குமிழிகள் இந்த ஆவியே. சலசலப்பு அடங்கினால் நீர் பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். அனுபவமுள்ள சமையற்காரர் ஓசையைக் கேட்டே முறுக்கை எடுப்பது அறிவியல் முறைக்கு முற்றிலும் ஒத்ததாகும்.

எஞ்சுவது மெல்லிய சுவர்களையுடைய நுண்ணறைகளின் கூட்டம். ஆறியதும் அச்சுவர்களிலுள்ள மாவுப்பொருள் கண்ணாடியைப் போன்றதொரு நிலையை அடைகிறது. அதாவது, அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒழுங்கின்றிக் கிடக்கும் நிலையிலேயே அசைய முடியாமல் உறைந்து நிற்கின்றன. நெகிழ வழியில்லை, ஆகவே விசை பட்டதும் முறிகின்றன. ஒரு சுவர் முறிந்ததும் விசை அடுத்த சுவருக்குத் தாவுகிறது. இத்தொடர் முறிவே மொறுமொறுப்பு.

நமத்துப் போவது ஏன்?

மழை நாளில் தட்டில் திறந்து வைத்த அப்பளம் ஒரு மணி நேரத்திற்குள் தொய்ந்துவிடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சியதே காரணம். உள்ளே நுழைந்த நீர் மூலக்கூறுகள் மாவுப்பொருளின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றையொன்று வழுக்கிச் செல்ல இடம் கொடுக்கின்றன. கண்ணாடி நிலையிலிருந்த பொருள் நெகிழும் நிலைக்கு மாறத் தொடங்குகிறது. இப்போது கடித்தால் முறியாது, வளையும், இழுபடும்.

1981-ஆம் ஆண்டில் காட்ஸ், லபூசா என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சோளப்பொரி, உருளைக்கிழங்கு வறுவல் முதலியவற்றை வெவ்வேறு ஈரப்பதமுள்ள சூழலில் வைத்துச் சோதித்தனர். ஏறக்குறைய 35 முதல் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்துக்கு ஈடான நிலையை எட்டியபோது அவற்றின் மொறுமொறுப்பு ஏற்கத்தகாத அளவுக்குக் குறைந்துவிட்டது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் இவ்வளவைத் தாண்டியே இருக்கிறது. ஆகவே மூடியில்லாத பாத்திரத்தில் முறுக்கு நமத்துப் போவதற்குச் செய்தவரின் கைப்பக்குவத்தைக் குறை கூறுவது நியாயமன்று.

வீட்டில் பலகாரம் செய்து விற்றுப் பிழைப்போருக்கு இது பணத்தைக் காக்கும் செய்தி. பண்டம் நன்றாக ஆறிய பிறகே உறையில் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் அதன் ஆவி உறைக்குள்ளேயே நீராகப் படிந்து பண்டத்தைக் கெடுக்கும். ஆறிய பின் தட்டில் நெடுநேரம் விட்டு வைத்தாலும் ஈரம் ஏறும். ஆகவே ஆறியதும் அடைப்பதே சரியான வேளை. நீராவியை ஊடுருவ விடாத உறையும், காற்றுப் புகாத மூடியும் வேண்டும். சற்றே நமத்த முறுக்கை மிதமான சூட்டில் வாட்டினால் நீர் வெளியேறி மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும்.

இன்னொரு புதிரும் இங்கே விடுபடுகிறது. திறந்து வைத்த பிஸ்கட் மென்மையாகிறது, ரொட்டியோ கடினமாகிறது. ஒரே மேசை, ஒரே காற்று! பிஸ்கட்டில் நீர் மிகக் குறைவு, காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது. ரொட்டியில் நீர் மிகுதி, காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அதோடு, ரொட்டியின் மாவுப்பொருளும் நாளடைவில் மீண்டும் ஒழுங்குபட்டு இறுகுகிறது. முறுகல் தோசை ஆறினால் தொய்வதற்கும் நீரின் ஓட்டமே காரணம். தோசையின் மென்மையான பகுதியிலுள்ள ஈரம் முறுகிய பகுதிக்கு நகர்ந்துவிடுகிறது. மூடி வைத்தாலோ கேட்கவே வேண்டாம். ஆவி முழுவதும் தோசைமேலேயே படியும்.

காதும் உண்கிறது

மொறுமொறுப்பை நாக்கு அறிகிறதா, பல் அறிகிறதா? இரண்டோடு காதும் சேர்ந்தே அறிகிறது. 1963-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிர்கர் டிரேக் உணவை மெல்லும் ஓசையைப் பதிவு செய்து ஆராய்ந்தார். 1976-ல் விக்கர்ஸ், போர்ன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், மொறுமொறுப்பு என்பது பெரிதும் செவிப்புலன் சார்ந்தது என்னும் கருத்தை முன்வைத்தனர்.

இதனை அழகாகக் காட்டியது 2004-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ ஸாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் ஆகிய இருவரும் பிரிங்கிள்ஸ் வறுவல்களை ஆட்களுக்குக் கொடுத்துக் கடிக்கச் செய்தனர். கடிக்கும் ஓசை ஒலிவாங்கி வழியே சென்று, மாற்றப்பட்டு, அவர்கள் காதிலேயே உடனுக்குடன் ஒலித்தது. ஓசையை உரக்க ஒலிக்கச் செய்தபோதும், உயர்சுருதிப் பகுதியை மட்டும் கூட்டியபோதும், வறுவல் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக அவர்கள் கூறினர். வறுவல் என்னவோ ஒரே வகைதான்! சிரிக்கவும் பின் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் பரிசு 2008-ல் இவர்களுக்குக் கிடைத்தது.

பொய்ப்பற்கள் செய்த ஆய்வு

தொழிற்சாலையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் மனிதர் கடித்துப் பார்க்க முடியாது. அளக்கும் கருவி வேண்டும். 1950-களில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்காக விந்தையானதொரு பொறியை அமைத்தார்கள். பொய்ப்பற்களின் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் பொருத்தி, மோட்டாரால் மெல்லச் செய்து, பல்மீது ஏற்படும் விசையைப் பதிவு செய்தார்கள். இன்றுள்ள கருவிகள் பல் இல்லாமலே பண்டத்தை அழுத்தி, விசையை வரைகோடாகக் காட்டுகின்றன. தொய்ந்த பண்டத்தின் வரைகோடு வழவழப்பான மேடாக ஏறும். மொறுமொறுப்பான பண்டத்தின் வரைகோடு ரம்பப் பல்லைப்போல் ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு சிறு சுவரின் முறிவு.

சொல்வளம் யாருக்கு?

உணவின் தொடு தன்மையை முறையாக வகைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் அலினா ஷெஸ்னியாக் என்னும் பெண் அறிவியலர். 1960-களில் அமெரிக்கர்களிடம் அவரும் அவருடைய கூட்டாளியும் நடத்திய ஆய்வில் தொடு தன்மையைக் குறிக்கும் 78 சொற்கள் கிடைத்தன. அவற்றுள் மிகுதியாகச் சொல்லப்பட்டது ‘கிரிஸ்ப்’ தான். பின்னர் ஜப்பானில் நடந்த அத்தகைய ஆய்வில் 400-க்கும் மேற்பட்ட சொற்கள் கிடைத்தன. அவற்றுள் பல ஓசையைப் போலச் செய்யும் இரட்டைச் சொற்கள்.

மொறுமொறு, கரகர, நறநற, கொழகொழ, வழவழ, பிசுபிசு, சொரசொர, மொழுமொழு... நாம் இரட்டைக் கிளவி என்று இலக்கண வகுப்பில் படித்த இவையும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ‘நமத்துப் போதல்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவியலுக்கு வேண்டிய நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டும் சொற்கள் நம் அடுப்பங்கரைகளிலேயே கிடக்கின்றன. பாடநூல் எழுதுவோர் அவற்றைக் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

மொறுமொறுப்பைத் தேடிப் பண்டத்தைக் கருக விடலாகாது. மாவுப்பொருள் மிகுந்த உணவுகளை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் பொரிக்கும்போதும் வாட்டும்போதும் அக்ரிலமைடு என்னும் பொருள் உண்டாவதை 2002-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். விலங்குகளில் இது புற்றுநோயை உண்டாக்குவது ஆய்வுகளில் தெரிந்திருப்பதால் குறைத்துக் கொள்வதே அறிவுடைமை. நிறம் கருக்கக் கருக இதன் அளவும் கூடுகிறது. பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒன்று: பொரித்த அப்பளம் இரண்டில் ஒன்றை இறுக்கமான டப்பாவிலும் மற்றொன்றைத் திறந்த தட்டிலும் வைத்து, கால் மணிக்கு ஒருமுறை சிறு துண்டு ஒடித்துப் பாருங்கள். ஓசை எப்போது மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: வெள்ளரித் துண்டுகளைச் சிலவற்றை உப்பு நீரிலும் சிலவற்றை வெறும் நீரிலும் ஒரு மணி நேரம் இடுங்கள். எது துவள்கிறது? ஏன்?

மூன்று: காதுகளைக் கையால் பொத்திக்கொண்டு முறுக்கைக் கடியுங்கள். எலும்பின் வழியே கடமுடவென்ற தாழ்ந்த ஓசை கேட்கும். காற்றின் வழியே வரும் கூர்மையான ஓசை குறைந்திருக்கும். சுவை மாறவில்லை, ஆனால் ஏதோ குறைவது போலிருக்கும். குறைந்தது எது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மாணவர் எழுந்து போகுமுன், அதே வினாவை மீண்டும் கேட்டேன்: “நல்ல வறுவல் ‘கிரிஸ்ப்’ ஆக இருக்க வேண்டும் என்றால் என்ன?”

சற்றே யோசித்துவிட்டு, “ஈரம் ஏறாத மெல்லிய சுவர்கள், சிறிய விசையில் அடுத்தடுத்து ஓசையோடு முறிய வேண்டும்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “எங்கள் அம்மா பொரிக்கும் அப்பளம் மாதிரி” என்று சேர்த்துக்கொண்டார்.

முழு மதிப்பெண் தரத்தக்க விடை. அவருக்குக் குறைவாக இருந்தது ஒரே ஒரு சொல்தான். அதற்காக எந்தப் படிப்பையும் விட்டுவிட வேண்டியதில்லை.